ஆறாவது சகன்

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. எண்ணெயில் ஒற்றைக் கடுகு வெடிப்பது போல 'டிக்' என்றது, அவ்வளவுதான். நான் வெந்நீர்ச் சொம்பைச் சாய்த்துப் பிடித்தபடி கொல்லைப்புறத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். முன்னால் இருந்த பிளாஸ்டிக் டப்பில் அந்தப் பெரிய பீங்கான் தட்டு கிடந்தது. அதன் நடுவில் ஒரு முடி விழுந்திருந்தது. முடிதான் என்று நினைத்து விரலால் தள்ளினேன். நகரவில்லை. பயத்தோடு தட்டைத் தூக்கினேன். ஒரு பாதி மட்டும் கையோடு வந்தது. இன்னொரு பாதி தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

மார்கழி மாதம், காலை ஏழு மணி இருக்கும். இரவெல்லாம் பச்சைத் தண்ணீரில் ஊறிக் குளிர்ந்து கிடந்த தட்டில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றியிருக்கிறேன். இப்போது நினைத்தால் ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும் என்று தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

அந்தத் தட்டுகளைச் சகன் என்று சொல்வார்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அகலம். வெள்ளைப் பீங்கான், உள்ளே நீலக் கொடி, விளிம்பில் மெல்லிய தங்கக் கோடு. ஒரு சகனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவில் வேறு யார் வீட்டிலும் அது கிடையாது. என் மாமியார் பரங்கிப்பேட்டைப் பெண். அவருடைய வாப்பா கப்பலில் பினாங்கு போய் வந்தவர். வரும்போது ஆறு சகன் கொண்டுவந்தார். மகளைக் கட்டிக்கொடுக்கும்போது ஆறையும் வைக்கோல் சுற்றி, மாட்டுவண்டியிலும் ரயிலிலும் ஏற்றி இங்கே அனுப்பினார். நான் மருமகளாக வந்தபோது ஐந்துதான் இருந்தன. "ஆறு இருந்துச்சு. ஒண்ண உங்க மாமா மலைக்குக் குடுத்துட்டாரு" என்று மாமியார் சொல்வார். சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அந்தத் தட்டு போன வருத்தம் அவருக்கு ஆறவே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் அப்பா உளுந்தூர்பேட்டையில் நெடுஞ்சாலை ஓரமாகப் புரோட்டாக் கடை வைத்திருந்தார். லாரிக்காரர்கள் சாப்பிட்டு எழுந்ததும் தட்டுகளைத் தொட்டியில் வீசுவார்கள். அந்தச் சத்தத்தில்தான் நான் வளர்ந்தேன். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் மாமியார் பெட்டியைத் திறந்தபோது ஆசையாக ஒரு சகனை விளிம்பைப் பிடித்துத் தூக்கினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இது ஓட்டல் தட்டு இல்ல. வை" என்றார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் நாத்தனாரும் இரண்டு உறவுக்காரப் பெண்களும் பக்கத்தில் இருந்தார்கள். அதற்குப் பிறகு ஏழு வருடம் அந்தப் பெட்டிப் பக்கம் நான் போகவில்லை.

அவர் கழுவுவதைத் தள்ளி நின்று பார்த்திருக்கிறேன். டப்பின் அடியில் துண்டை மடித்துப் போடுவார். கையிலிருக்கும் மோதிரம், வளையல் எல்லாம் கழற்றிவிடுவார். வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர், பூந்திக்கொட்டை நுரை, பழைய வேட்டித் துணி. சாம்பல் கிடையாது, நார் கிடையாது, எலுமிச்சம்பழம் கிடையவே கிடையாது. இரண்டு கையையும் அடியில் கொடுத்துத்தான் தூக்குவார். நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் துணி வைத்து அடுக்குவார். அடுக்குவதற்கு முன் நடுவிரலை மடக்கி விளிம்பில் ஒரு தட்டு. தூரத்தில் கோவில் மணி கேட்பது போல ஒரு ஓசை வரும். அது வந்தால்தான் உள்ளே வைப்பார்.

அந்த வருடம் நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் கடலோரத்துக்காரர்கள். மாப்பிள்ளையோடு இருபது பேர் சகனில் உட்காருவார்கள் என்று பேசி முடித்திருந்தார்கள். இருபது பேர் என்றால் ஐந்து சகன். மகள் கல்யாணத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்று மாமியார் அதற்கு முன்பே கண் ஆபரேஷன் செய்துகொள்ளப் புதுச்சேரிக்குக் கிளம்பினார். நாத்தனார் கூடப் போனாள். கிளம்பும்போது இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஈரத்துல துணி நமுத்துப் போயிருக்கும். துணிய மட்டும் மாத்தி வை. தண்ணி காட்டாத. நான் வந்து கழுவிக்கிறேன்."

"சரி மாமி."

"சரின்னு சொல்லிக்கினு வேற இன்னாவாச்சும் பண்ணி வைக்காத."

கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தைதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. துணி மாற்றும்போது ஒரு சகனின் அடிப்பக்கத்தில் பழுப்பாக ஒரு கறை பார்த்தேன். எப்போதோ நெய் இறங்கி, மேல் பூச்சில் இருந்த நுண்ணிய கீறல்களுக்குள் ஊறி நின்றிருந்தது. இதை எடுத்துக் காட்டினால் அவர் என்னைப் பற்றி வைத்திருக்கிற நினைப்பு மாறும் என்று தோன்றியது. குடிதண்ணீர்த் தொட்டிக்குப் போட வைத்திருந்த பிளீச்சிங் பவுடரில் ஒரு கை எடுத்துக் கரைத்து ஊறப்போட்டேன். காலையில் பார்த்தால் கறை பாதி போயிருந்தது. கூடவே தங்கக் கோடும் ஓரிடத்தில் மங்கிவிட்டிருந்தது. பதறிப் போய் அந்த மருந்தை உடனே போக்கிவிட வேண்டும் என்றுதான் வெந்நீரைத் தூக்கி வந்தேன்.

திங்கட்கிழமை அது. மாமியார் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது.

என் கணவர் கடைவீதியில் புளி, கடுக்காய், தேன் வாங்கி விற்கிற மண்டி வைத்திருந்தார். காலை எட்டு மணிக்குப் போனால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். அவர் பல் விளக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வருவதற்குள் இரண்டு பாதியையும் என் முந்தானையில் சுற்றி உள்ளே கொண்டுபோய் அரிசி டிரம்முக்குள் புதைத்தேன்.

"இன்னா, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்குது?" என்றார்.

"தலவலி."

"தைலம் போட்டுக்கோ."

அவர் போனதும் கடைக்குப் போய் ஒரு சொட்டில் ஒட்டிவிடும் பசை வாங்கி வந்தேன். கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பசை ஒரே விநாடியில் பிடித்துக்கொண்டது, அதுவும் கோணலாக. ஒரு பாதி இன்னொன்றைவிட ஒரு நூல் அளவு மேலே நின்றது. பிரிக்கலாம் என்று இழுத்தால் வரவில்லை. என் கட்டைவிரல் தோல்தான் பிய்ந்தது. கோட்டின் மேல் நகத்தை ஓட்டினால் படி போலத் தட்டியது. விளிம்பில் விரலை மடக்கித் தட்டினேன். 'டொக்' என்றது. மரப்பலகையில் தட்டுவது போல. இதை மாமியார் முன்னால் வைக்க முடியாது. மறுபடியும் அரிசிக்குள்ளேயே புதைத்தேன்.

அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் கருணாபுரத்துப் பெண்மணி மதியம் வந்து, "இன்னா பாயம்மா, அரிசி டிரம்ம தெறக்கவே விட மாட்டேங்கிறீங்க?" என்று சிரித்தாள். அவள் கை தவறி உடைத்துவிட்டாள் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது உண்மை. அதை மறைக்க மாட்டேன். அவளுக்கு மூன்று வீட்டு வேலை. இந்த வீட்டில் இப்படி ஒரு பேர் வந்தால் மற்ற இரண்டும் போய்விடும். அவள் குனிந்து கரி பிடித்த சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என்னைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. அந்த நினைப்பிலிருந்து தப்பிக்கத்தான் மலை ஞாபகம் வந்தது போல.

ஆறாவது சகன் கல்வராயன் மலையில் இருந்தது. எந்த வீடு என்பதும் எனக்குத் தெரியும். மாமனார் உயிரோடு இருந்த காலத்திலிருந்து எங்கள் மண்டிக்குப் புளி கொண்டுவரும் ஒரு மலைக்காரப் பெண்மணியின் வீடு. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. வருடத்துக்கு ஒரு முறை புளி இறக்கிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போவார். நான்தான் போட்டுக் கொடுப்பேன். அந்தத் தட்டை வாங்கி வந்து பெட்டியில் வைத்துவிட்டால் கணக்கு ஐந்தாகிவிடும். கல்யாணம் முடிந்த பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை காலை, உளுந்தூர்பேட்டையில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கணவரிடம் சொல்லிவிட்டு, எதிர்த் திசையில் கச்சிராயபாளையம் பஸ்ஸில் ஏறினேன். கோமுகி அணையைத் தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியது. வளைவுக்கு அந்தப் பக்கம் வண்டி வருகிறதா என்று தெரியாமல் டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். கரியாலூர் தாண்டி இறங்கி அரை மணி நேரம் நடந்தேன். புர்காவின் ஓரமெல்லாம் செம்மண். வழியில் கேட்டவர்களிடமெல்லாம், "கள்ளக்குறிச்சி பாய் மண்டிக்குப் புளி போடறவங்க வூடு" என்று சொன்னேன். எல்லோரும் கையை நீட்டி வழி காட்டினார்கள்.

அந்தப் பெண்மணி வாசலில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்க பாயம்மா! இன்னா இம்மாந்தூரம்? தனியாவா வந்தீங்க? வூட்ல எல்லாரும் நல்லாதான இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. நாத்தனாருக்குக் கல்யாணம்..."

"சொன்னாங்க சொன்னாங்க. பெரிய பாயம்மா கண்ணு எப்பிடி இருக்குது?"

வழி நெடுக ஒத்திகை பார்த்த வார்த்தைகளை அப்படியே சொன்னேன். "மாமிதான் அனுப்பினாங்க. கல்யாணத்துக்கு ஒரு சகன் கம்மியா இருக்குது. உங்க கிட்ட இருக்கிறத வாங்கிக்கினு வரச் சொன்னாங்க."

ஏதாவது கேட்பார், தயங்குவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. "அவங்களே கேட்டாங்களா?" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். சாமை கொட்டி வைத்திருந்த மண் குதிருக்குள் தோள் வரை கையை விட்டு, மஞ்சள் சேலைத் துணி சுற்றிய அந்தத் தட்டை மெல்ல வெளியே எடுத்தார். தானியத்துக்குள் இருந்தால் இடி படாது, எலி உருட்டாது, சூடும் குளிரும் ஏறாது என்றார். பிரித்துக் காட்டினார். தங்கக் கோடு ஒரு இடத்தில்கூட மங்கவில்லை. எங்கள் வீட்டில் இருந்த எந்தச் சகனும் அவ்வளவு பளிச்சென்று இல்லை.

"பொங்கலுக்கு ஒரு நாள் எடுப்போம். புதுச் சாமையில சோறாக்கி இதுல போட்டு எல்லாரும் சாப்புடுவோம். அப்புறம் கழுவி உள்ள வச்சிடுவோம்" என்றார். பொங்கலுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. எனக்குத்தான் உறைத்தது. "அதுக்குள்ள திருப்பிக் குடுத்துடுவோம்" என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

மடியில் வைத்துக்கொண்டு இறங்கிய அந்தப் பஸ் பயணத்தை இன்று நினைத்தாலும் உள்ளங்கை வேர்க்கிறது. சேலைத் துணிக்கு மேல் என் சால்வையைச் சுற்றி, அதைப் புர்காவுக்குள் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தேன். பார்ப்பவர்கள் பிள்ளைத்தாய்ச்சி என்று நினைத்திருப்பார்கள். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். பாதி வழியில் மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளோடு ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். ஒரு மூட்டையை என் காலருகில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு வளைவிலும் அது என் மேல் சாய்ந்தது. முழங்காலால் தள்ளிப் பிடித்தேன். ஓரிடத்தில் எதிரே லாரி வர, டிரைவர் பிரேக் போட்டார். முன்சீட்டுக் கம்பியில் தட்டு இடிக்கிற அளவுக்கு நான் சரிந்தேன். முழங்கையை நடுவில் கொடுத்தேன். எலும்பில் விழுந்த இடி கண்ணில் நீர் வரவழைத்தது. புர்காவுக்குள் விரலை விட்டு விளிம்பு முழுக்கத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

மாலை ஐந்து மணிக்கு வீட்டு வாசலில் கால் வைத்தபோது உள்ளே மாமியாரின் செருப்பு கிடந்தது.

கண் நன்றாகத் தெளிந்துவிட்டது என்று டாக்டர் இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டாராம். கூடத்து நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என் கணவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் சரியில்லை. உளுந்தூர்பேட்டையில் என் அண்ணன் வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டுப் பேசியிருக்கிறார். நான் அங்கே வரவே இல்லை என்று தெரிந்துவிட்டது.

"எங்க போயிருந்த?" என்றார் கணவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் கையை நீட்டினார். "மொதல்ல சாவி."

சாவியை எடுத்தேன். "நானே தெறக்கறேன் மாமி, நீங்க குனியக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனேன். பெட்டி இருந்த அறையில் வெளிச்சம் கம்மி. அவர் தட்டுத் தடுமாறி வருவதற்குள் புர்காவுக்குள்ளிருந்து எடுத்து, துணியைப் பிரித்து, நாலு சகனுக்கு நடுவில் மூன்றாவதாகச் செருகினேன்.

அவர் பெட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக மடியில் வாங்கி, விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டி, தட்டிப் பார்த்தார். முதல் தட்டு ஒலித்தது. இரண்டாவதும் ஒலித்தது. மூன்றாவதைக் கொடுத்தேன். அது மற்றதைவிட நன்றாகவே ஒலித்தது. நான் மூச்சை விட்டேன். அவர் அதைக் கீழே வைக்கவில்லை. கவிழ்த்துப் பிடித்து, அடியில் பூச்சு இல்லாமல் சொரசொரப்பாக இருக்கும் வட்டத்தில் நகத்தால் எதையோ நெம்பினார். எடுத்து வெளிச்சத்தின் பக்கம் நீட்டி, ஆபரேஷன் செய்த கண்ணால் பார்த்தார். பிறகு மூக்கின் அருகே தட்டைக் கொண்டுபோனார்.

"சாமை" என்றார்.

அவசரமாக நாலாவது தட்டை எடுத்து நீட்டினேன்.

"இது எப்பிடிக் கீழ வந்துச்சு?"

கணவர் அறை வாசலில் வந்து நின்றார். இனி ஒரு பொய் சொல்லத் தெம்பில்லை. பிளீச்சிங் பவுடரில் தொடங்கி, வெந்நீர், பசை, அரிசி டிரம், மலை, அங்கே சொன்ன பொய் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். பாத்திரம் தேய்ப்பவள் மேல் போட நினைத்ததைக்கூடச் சொல்லிவிட்டேன். நாத்தனார் பின்னாலிருந்து, "என் கல்யாணத்துக்கு வச்சிருந்தத..." என்று அழ ஆரம்பித்தாள். மாமியார் அவளைப் பார்த்து, "நீ சும்மா இரு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒடஞ்சத எடுத்துக்கினு வா."

டிரம்மிலிருந்து எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். ஒட்டின கோட்டின் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். அவர் வாப்பா கொண்டுவந்தது. அவர் அழுவார் அல்லது அதை என் மேல் எறிவார் என்று நினைத்தேன். அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் கேட்டது வேறு.

"நான் கேட்டேன்னா சொன்ன அவ கிட்ட?"

"ஆமா மாமி."

"நான் கேட்டேன்னு சொன்னதும் எடுத்துக் குடுத்துட்டாளா?"

"ஒடனே குடுத்துட்டாங்க."

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. ஏழு வருடத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னம் துடித்தது. "பீங்கான்னா ஒடையும். ஒடைஞ்சா ஒடைஞ்சிச்சு, போய்க்கினு இருக்கும். குடுத்தத யாராவது திருப்பிக் கேப்பாங்களா? அதுவும் என் பேரச் சொல்லி?"

"மாமாதான குடுத்தாரு, உங்களுக்கு அதுல வருத்தம்னு..." என்று உளறினேன்.

"அவரு குடுத்தாருன்னு சொல்றது ஊருக்கு. குடுத்தது நானு."

இதை என் கணவரே அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டார். அவர் கைக்குழந்தையாக இருந்த வருடம், மாமனார் கடுக்காய் வாங்க மலைக்குப் போய் அங்கேயே விஷக்காய்ச்சலில் விழுந்துவிட்டாராம். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. அந்தப் பெண்மணியின் அப்பா பதினோரு நாள் தன் வீட்டில் போட்டுப் பார்த்திருக்கிறார். பிறகு நாலு பேரோடு சேர்ந்து கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு கச்சிராயபாளையம் வரை இறக்கியிருக்கிறார். மாமனார் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் மாமியார் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, இடுப்பில் பிள்ளையும் தலையில் இந்தச் சகனுமாக மலையேறியிருக்கிறார். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து அழுததாகச் சொன்னார்.

"நன்றி சொல்லிட்டு, அதுல சோறு போட்டுச் சாப்புட்டுட்டுத் திரும்பலாம்னுதான் எடுத்துக்கினு போனேன். அந்த வூட்டுப் பொம்பளைங்க மூணு பேரு, நானு. நாலு பேரும் ஒரே தட்டுல ஒக்காந்தோம். எங்க ஊரு பழக்கம் அவங்களுக்குத் தெரியாது, ஆனா ஒக்காந்தாங்க. இந்தத் தெருவுல அப்ப என்ன அந்த மாதிரி யாரும் பக்கத்துல ஒக்கார வைக்கல. நான் வேத்தூருக்காரி. சாப்ட்ட தட்ட எடுத்துக்கினு வர மனசு வரல. வச்சிட்டு வந்துட்டேன்."

கணவர், "நான் நாளைக்கு வண்டியில போயி குடுத்துட்டு வந்துடறேன்மா" என்றார்.

"நீ போவாத. பொய் சொன்னவதான் போவணும். போயி நெசத்தச் சொல்லணும்."

வெள்ளிக்கிழமை மறுபடியும் அதே பஸ். மறுபடியும் மடியில் அதே தட்டு. போன முறை உடைந்துவிடுமோ என்று பயந்தேன். இந்த முறை உடைந்து தொலைந்தால் போய்ச் சொல்ல வேண்டியிருக்காதே என்றுகூட ஒரு வளைவில் தோன்றிவிட்டது. அடுத்த வளைவில் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண்மணி முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். "இன்னா, அதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிருச்சா?" என்று சிரித்தார்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். "மாமி கேக்கல. நான்தான் பொய் சொல்லி வாங்கிக்கினு போனேன். வூட்டுல ஒண்ண நான் ஒடச்சிட்டேன். அத மறைக்க இத எடுத்துக்கினு போனேன்."

முறம் நின்றது. அவர் தட்டை வாங்கினார். துணியைப் பிரித்து முன்னும் பின்னும் பார்த்தார். உள்ளே போய்க் குதிருக்குள் வைத்துவிட்டு வந்தார். திரும்ப முறத்தை எடுத்துக்கொண்டு ரொம்ப நேரம் புடைத்தார். உமி என் கால் மேல் பறந்து வந்து விழுந்தது.

"ஒடஞ்சிருச்சு, கல்யாணத்துக்கு வேணும்னு சொல்லியிருந்தா நானே தூக்கிக்கினு வந்திருப்பேன்" என்றார் கடைசியில். "எங்கப்பா காலத்துல இருந்து உங்க வூட்டு ஆளுங்க யாரும் எங்க கிட்ட பொய் பேசினது இல்ல."

தண்ணீர் மட்டும் கொடுத்தார். குடித்துவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று மாமியார் சொல்லி அனுப்பியதைச் சொன்னேன். "இத நெசமாவே அவங்கதான் சொன்னாங்க" என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது நாக்கு கூசியது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பதினாறு பேர் நாலு சகனில் உட்கார்ந்தார்கள். மிச்சம் நாலு பேருக்குப் பித்தளைத் தாம்பாளத்தில் வாழையிலை விரித்துச் சோறு போட்டோம். மாப்பிள்ளையின் பெரியப்பா, "அஞ்சாவது எங்க?" என்று கேட்டார். பந்தி நடுவில் நான் குழம்பு வாளியோடு நின்றிருந்தேன். மாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஒடஞ்சிருச்சு" என்றார். யார் உடைத்தது, எப்படி என்று தெரிந்துகொள்ளப் பெரியப்பா காத்திருந்தார். மாமியார், "சோறு ஆறுது, கை வைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பந்திக்குப் போனார்.

மலைக்காரப் பெண்மணி மதியம்தான் வந்தார். ஒரு படி தேனும் புதுச் சாமையும் கொண்டுவந்திருந்தார். ஆண்கள் சாப்பிட்டு முடித்த பிறகு சகன்களை நானே கழுவினேன். மாமியார் பக்கத்தில் நின்று ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றைத் துடைத்து அவரிடம் கொடுத்தேன். அதில் சோறு போட்டு, அவரும் மலைக்காரப் பெண்மணியும் நாத்தனாரும் உட்கார்ந்தார்கள். நாலாவது இடம் காலியாக இருந்தது. மாமியார் நிமிர்ந்து என்னைத் தேடினார். "இன்னா நின்னுக்கினு இருக்க? ஒக்காரு" என்றார். உட்கார்ந்தேன். எனக்கு எதிரே இருந்த அந்தப் பெண்மணி, என் பக்கம் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தார்.

சாயங்காலம் அவர் பஸ் ஏறக் கிளம்பியபோது பிரியாணிப் பொட்டலத்தோடு பின்னால் ஓடினேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்தேன். கச்சிராயபாளையம் பஸ் வந்து நின்று, ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். அவர் படியில் ஒரு கால் வைத்துவிட்டு, பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கினார்.

"பொங்கலுக்கு வருவியா?" என்றார். அதுவரை அவர் என்னை 'வாங்க, போங்க' என்றுதான் பேசியிருந்தார்.

"கூப்புட்டா வரேன்."

"கூப்புடறதுக்கு யாரு கீழ வர்றது? வரணும்னா நீயா வா. ஒண்ணும் வாங்க வராம, சும்மா வா."

நடத்துநர் விசில் கொடுத்தார். பஸ் கிளம்பியது. கணவரிடம் கேட்க வேண்டும், மாமியாரிடம் சொல்ல வேண்டும், எந்தப் பஸ்ஸில் போவது என்று பார்க்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.